நாலாம் நம்பர் ஜெர்சி

எங்கள் குடைக் கம்பெனியில் யாராவது தன் ஆளையே தானே கவிழ்த்துவிட்டால் போதும், உடனே ஒரு குரல் வரும்: "போட்டான்யா சேம் சைடு கோல்!" சொன்னவர் சிரிப்பார், கேட்டவர்கள் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். ஸ்டோர் இருக்கும் பக்கம். அங்கே வலைக் கதவுக்குப் பின்னால் என் அத்தான் உட்கார்ந்து கம்பி எண்ணிக்கொண்டிருப்பார். தப்பாக நினைக்காதீர்கள், குடைக் கம்பி. முப்பத்தொரு வருஷமாக இதே கூத்துதான்.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். கம்பெனியின் ஸ்டோர்கீப்பர். நான் அதே கம்பெனியில் மேனேஜர் அறை வாசலில் டைப்பிஸ்ட். மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷமாகிறது, என்னை மட்டும் இன்னும் டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் வாயாடி என்று இன்னொரு பெயரும் உண்டு. வைத்தவர் அத்தான். அக்காவைக் கட்டியவரைக் கிண்டல் செய்யக் கொழுந்தியாளுக்கு உரிமை இல்லையா? அந்த உரிமையை நான் ஒருநாள்கூடச் சும்மா விட்டதில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக நான் என்னமோ பெரிய யோக்கியம் மாதிரிப் பேசப் போகிறேன்.

சேம் சைடு கோல் என்றால் என்ன என்று தெரியாதவர் இருக்க முடியாது. இருந்தாலும் எங்கள் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு மலரில் அதற்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதினார்கள், அதனால் நானும் இரண்டு வரி எழுதிவிடுகிறேன். எதிராளி வலைக்குள் தள்ள வேண்டிய பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிக்கொள்வது. மைதானத்தில் எப்போதாவது நடக்கும், ஆபீஸில் தினமும் நடக்கும். குடை வாங்க வந்த வியாபாரியிடம் முதலாளி, "எங்க துணி சாயம் போகவே போகாது" என்று அடித்துப் பேசிக்கொண்டிருப்பார். எங்கள் விற்பனைப் பிரிவு ஆள் பக்கத்தில் நின்று, "மழையில நனைச்சா மட்டும்தான் சார் லேசா போகும்" என்பான் பாருங்கள், அது. வந்த விருந்தாளி வீட்டின் சுத்தத்தை மெச்சும்போது என் வீட்டுக்காரர், "நீங்க வர்றீங்கன்னு காலைலதான் எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளினோம்" என்று பல்லைக் காட்டுவார் பாருங்கள், அதுவும்தான். இங்கிலீஷில் இதற்கு வேறு பெயராம். சேம் சைடு என்பது நம் ஆட்களே ஏதோ ஒரு மைதானத்து ஓரத்தில் நின்று கத்திக் கத்தி உண்டாக்கிய சரக்கு. எந்த மைதானம், யார் வாய் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

எங்கள் கம்பெனிக்கு அந்த வெட்கம் நிறைய உண்டு.

கம்பெனிக்கு ஐம்பதாவது வருஷம் வந்தது. மலர் போடுவது என்று முடிவானது. மலரைத் தொகுக்கும் பொறுப்பை மேனேஜர் தன் மச்சானிடம் கொடுத்தார். மச்சானுக்கு எங்களிடையே புலவர் என்று பெயர். கைப்பிடிப் பிரிவில் வேலை, ஆனால் கைப்பிடி ஒன்றையும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை. புலவர் பத்து நாள் ஏசி அறையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து ஒரு கட்டுரை கொண்டுவந்தார். தலைப்பு, 'ஒரு சொல் பிறந்த மண்'. உலகமே இன்று பேசும் சேம் சைடு கோல் என்ற சொல் எங்கள் கம்பெனி ஆட்டத்தில், எங்கள் ஸ்டோர்கீப்பர் காலில் பிறந்ததாம்! முதலில் எழுதித் தந்ததில் 'சேம்' என்றொரு மாபெரும் வீரர் இருந்ததாகவும் எழுதியிருந்தார். டைப் அடிக்கும்போது அவரை நான் சத்தமில்லாமல் தூக்கிவிட்டேன். புலவருக்கு அது கடைசிவரை தெரியாது.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன், கம்பெனிகளுக்கு இடையிலான கோப்பை, இறுதிப் போட்டி. எங்களுக்கு எதிரே சோப்புக் கம்பெனி. விளம்பரமாக இருக்கட்டுமென்று எங்கள் முதலாளி பார்க்க வந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு குடை கொடுத்திருந்தார். சொல்லிவைத்தாற்போல மழை. அறுநூறு குடை ஒரே நேரத்தில் விரிந்தது. முன்னால் இருப்பவன் குடை பின்னால் இருப்பவன் கண்ணை மறைக்க, மைதானத்தில் நடந்ததை முழுசாகப் பார்த்தவர் நடுவர் ஒருவர்தான், ஏனென்றால் அவருக்கு மட்டும்தான் குடை கொடுக்கவில்லை. முதல் வரிசையில் இருந்தவர்களுக்குச் சேறு பூசிய உருவங்கள் இங்குமங்கும் ஓடுவது தெரிந்ததாம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிஷத்தில் எங்கள் ஆள் ஒருவர் பந்தை வெளியே அடிக்கிறேன் பேர்வழி என்று எங்கள் வலைக்குள்ளேயே அடித்தார். முகம் தெரியவில்லை, முதுகில் நாலு என்று மட்டும் தெரிந்தது. நடுவரும் தன் தாளில் நாலாம் நம்பர் என்று எழுதினார். நாலாம் நம்பர் யார்? ஸ்டோர்கீப்பர். முடிந்தது கதை.

அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயசு. புதுசாக வேலைக்குச் சேர்ந்திருந்த என்ஜினியர் ஒருவர் பரிசோடு மேடைக்கு வந்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க, மாப்பிள்ளை எந்தப் பக்கம் அடிப்பார்னு அவருக்கே தெரியாது" என்றார். மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான். அந்த என்ஜினியர்தான் சில மாதத்தில் முதலாளி பெண்ணைக் கட்டி, பிறகு மேனேஜர் ஆனார்.

இப்போது அதே மேனேஜர் கட்டுரையைப் படிக்காமலே பாராட்டி, மேலே ஒரு யோசனையும் சொன்னார். ஆண்டு விழா அன்றைக்குத்தான் அத்தானுக்கு வேலையில் கடைசி நாள். மேடையில் ஏற்றி, தங்கப் பெயிண்ட் அடித்த பந்து ஒன்றைக் கொடுத்து, 'சேம் சைடு செம்மல்' என்று பட்டமும் கொடுத்துவிடலாமாம்.

"அவருக்கும் ஒரு பெருமைதானே?" என்றார் என்னிடம்.

"ஆமா சார், வீட்டுல சொல்லிச் சொல்லி மாளாது" என்றேன். என் வாய்தான், சும்மா இருக்காது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"அந்தப் பந்து சமாச்சாரம் காதுல விழுந்ததுலேர்ந்து, கடைசி நாள் லீவு போடப் போறேங்கறார்டி. முப்பத்திநாலு வருஷத்துல ஒருநாள் லேட்டா போனதில்ல இந்த மனுஷன். கடைசி நாள்ல போய் ஒளிஞ்சுக்கப் போறாராம். என்ன பாவம் பண்ணினார் அவர்?"

எனக்குச் சுருக்கென்றது. சுவரைப் பார்த்தேன். சுவரில் அவர்கள் கல்யாணப் போட்டோ. அக்கா நேராக நிற்கிறாள், அத்தான் ஒரு குடையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் சாய்ந்து நிற்கிறார். இத்தனை வருஷமும் அதைக் கம்பெனி விளம்பரம் என்றுதான் நான் கேலி பேசுவேன்.

"அன்னைக்காவது குடையைக் கீழ வெச்சிருக்கலாம்ல, என்ன ஸ்டைலோ" என்றேன், பேச்சை மாற்ற.

"ஸ்டைலா? கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. குடை இல்லன்னா நிக்கவே முடியாது."

"எப்போ அப்படி ஆச்சு?"

"அந்தப் பாழாப்போன மேட்ச்லதான். பாதி ஆட்டத்துலயே பிசகிடுச்சு. ரெண்டு பேர் தூக்கிட்டுப் போயி கட்டுப் போட்டாங்க."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

"பாதி ஆட்டத்துல தூக்கிட்டுப் போன ஆளு கடைசி நிமிஷத்துல எப்படிக்கா கோல் போட்டாரு?"

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நான் கேக்காத கேள்வியா? கேட்டா, 'வாக்குக் குடுத்துட்டேன், விடு'ம்பார். யாருக்குன்னா வாயைத் தெறக்க மாட்டார். ஜெர்சியைக் கழட்டி வேற ஆளுக்குக் குடுத்தேன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதலில் அத்தான் மேல், அப்புறம் அக்கா மேல், அப்புறம் கல்யாண மண்டபத்தில் விழுந்து விழுந்து சிரித்த பத்தொன்பது வயசுப் பெண்ணின் மேல்.

பஸ்ஸில் வரும்போதுதான் பளிச்சென்று பட்டது. ஜெர்சியைக் கழற்றி வேறு ஆளுக்குக் கொடுத்தாராம். என் அத்தானா? சீட்டு இல்லாமலா? நடக்கிற காரியமா! அவர் ஸ்டோரிலிருந்து ஒரு ஆணி வெளியே போக வேண்டுமானால் முதலில் இண்டென்ட் என்கிற கேட்பு ஃபாரம் வேண்டும்: என்ன பொருள், எதற்கு, பிரிவுத் தலைவர் கையெழுத்து. பிறகு அவர் சீட்டு எழுதுவார், வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டும், திருப்பும்போது இன்னொரு கையெழுத்து. ஒருதரம் அடைமழையில் முதலாளியே தொப்பலாக நனைந்து ஸ்டோர் வாசலில் நின்று, ஒரு குடை கொடுக்கச் சொன்னார். அறை நிறையக் குடை. அத்தான் இண்டென்ட் ஃபாரத்தை நீட்டினார். முதலாளி தண்ணீர் சொட்டச் சொட்ட அதை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் குடை வாங்கிப் போனார். அந்த மாதமே உதவியாளராக இருந்த அத்தான் ஸ்டோர்கீப்பர் ஆனார். கம்பெனி ஜெர்சியும் ஸ்டோர் சொத்துதான். அன்றைக்குக் கால் வீங்கியிருக்கலாம், மழை கொட்டியிருக்கலாம், சீட்டு மட்டும் எழுதாமல் இருந்திருக்க மாட்டார்.

வாங்கியது யார்? அதற்கு நான் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. மேனேஜர் அறைச் சுவரில் அந்த அணியின் படம் தொங்குகிறது. மறுநாள் காலை துடைக்கிற சாக்கில் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஜெர்சியோடு பதினொரு பேர். ஓரத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு பன்னிரண்டாவது ஆள் ஒருவர். கீழே 'மாற்று ஆட்டக்காரர்' என்று அச்சாகியிருந்தது. இருந்த மாற்று ஆட்டக்காரரே அவர் ஒருவர்தான். நம் மேனேஜர்! இத்தனை வருஷமும் ஜம்மென்று தன் தலைக்கு மேலேயே மாட்டிவைத்திருக்கிறார்.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். செய்ததும் இவர், ஊருக்கு முன்னால் கேலி பேசியதும் இவர், இப்போது தங்கப் பந்து கொடுக்கப் போவதும் இவர்.

அத்தானிடம் போய்ச் சீட்டைக் கேட்டால் தர மாட்டார். வாக்கு ஒரு பக்கம், விதி ஒரு பக்கம். ஆனால் மேனேஜரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அவர் எதையும் படிக்க மாட்டார். பதினொரு மணிக்கு நான் காகிதக் கட்டை நீட்டுவேன், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான் விரல் வைக்கிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். போன வருஷம் தன்னுடைய லீவு விண்ணப்பத்தையே மற்றவர்களின் விண்ணப்பங்களோடு சேர்த்து, 'அனுமதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அந்த வாரம் முழுக்க உர்ரென்று ஆபீஸுக்கு வந்தார்.

இண்டென்ட் டைப் அடித்தேன். பொருள்: பழைய சீட்டு ஒன்று. விவரம்: நாலாம் நம்பர் ஜெர்சி, இறுதிப் போட்டி, இடைவேளையில் வழங்கியது. காரணம்: ஐம்பதாம் ஆண்டு மலரில் வெளியிட. பதினாலு காகிதத்துக்கு நடுவில் செருகினேன். எனக்கு இன்னும் எட்டு வருஷம் வேலை இருக்கிறது, இந்த ஆள் நினைத்தால் என்னைக் குடோனுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று தெரிந்தேதான் நீட்டினேன். மேனேஜர் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"பந்துக்கு அடிச்ச பெயிண்ட் காஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

"காஞ்சுட்டே இருக்கு சார்" என்றேன்.

ஸ்டோருக்குப் போய் வலைக் கதவின் சின்னத் திறப்பு வழியாக இண்டென்ட்டை நீட்டினேன். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது யார் கையெழுத்து?"

"பார்த்தா தெரியலையா?"

"படிச்சுட்டுப் போட்டாரா?"

"படிச்சுட்டுத்தான் போடணும்னு ரூல் இருக்கா அத்தான்?"

"ரூல் இல்ல" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. "வேணாம் வாயாடி. நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"உங்களை யார் சொல்லச் சொன்னா? கேக்கறது மேனேஜர். குடுக்கறது ஸ்டோர். நடுவுல நீங்க யாரு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து உள்ளே போனார். பழைய கட்டுகளை இறக்கும் சத்தம், தூசியில் இருமும் சத்தம். கால் மணி நேரம் கழித்து வந்தவர் கையில் பழுப்பேறிய ஒரு சீட்டு இருந்தது. அதைக் கொடுப்பதற்கே இன்னொரு சீட்டு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார், மகா மனுஷன்.

சீட்டில் நீல மையில் அவருடைய குண்டு எழுத்து. 'ஜெர்சி எண் நாலு. ஒன்று. நேரம்: இடைவேளை. நிலை: நனைந்தது.' வாங்கியவர் என்ற இடத்தில் நான் தினமும் காலையில் பதினாலு தரம் பார்க்கிற அதே கையெழுத்து, அதே வால். கீழே, 'திருப்பிய நேரம்: ஆட்டம் முடிந்ததும். நிலை: முழுக்கச் சேறு.' மறுபடியும் அதே வால்.

"சீட்டே வெளிய போயிடுச்சு, இனிமே சொல்லாம இருந்து என்ன?" என்று அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு, கட்டுப் போடற எடத்துக்கே ஓடி வந்தார். அழுதார், நெசமாவே அழுதார். முதலாளி வீட்டுல பொண்ணு பேசி முடிக்கற நேரம், இவர்தான்னு தெரிஞ்சா அவ்வளவுதான்னார். ஒரு வாரம் பொறுங்க, நிச்சயம் ஆனதும் நானே போய்ச் சொல்லிடறேன்னார். ஒரு வாரம்தானேன்னு சரின்னேன்."

"கூட ஆடினவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். முதலாளி மருமகனாகப் போறவரை எவன் காட்டிக் குடுப்பான்? அப்புறம் ஒவ்வொருத்தனா வேலையை விட்டுப் போயிட்டான்."

"நானும்தானே அத்தான் உங்களை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினேன்."

"நீ பண்ணினா என்ன, அது உன் டிபார்ட்மென்ட்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அவர் பண்றப்பதான்..." என்று நிறுத்திவிட்டு, கம்பிக் கட்டை எடுத்து எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை தப்பி முதலிலிருந்து தொடங்கியதை நான் பார்த்தேன்.

"விழாவுக்கு வரணும்" என்றேன். "அக்காவைக் கூட்டிட்டு, நல்ல சட்டை போட்டுட்டு வரணும். வரலைன்னா நான் உங்க கொழுந்தியாளே இல்ல."

புலவர் கட்டுரைக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டைப் படமெடுத்துப் போட்டேன். அடியில், 'இச்சொல் பிறந்த கதைக்கு ஆதாரம், ஸ்டோர் ஆவணத்திலிருந்து' என்று எழுதினேன். புலவருக்குக் காட்டினேன்; அவர் தன் போட்டோவில் முடி சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். மேனேஜரிடம் நீட்டினேன். 'அச்சுக்கு அனுப்பலாம்' என்ற இடத்தில் வாலோடு கையெழுத்து விழுந்தது. ஐந்நூறு பிரதி.

விழா எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேஜைகளைத் தூக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள், எள் போட இடமில்லை. மேடையில் நடுநாயகமாக முதலாளி. எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், ஆனால் கையில் பூதக்கண்ணாடி இல்லாமல் இருக்க மாட்டார். எங்கள் கம்பெனியில் அச்சான எதையும் முழுசாகப் படிக்கிற ஒரே ஜீவன் அவர்தான். ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் புலவர். இரண்டாவது வரிசையில் அக்கா. அவள் பக்கத்தில் அத்தான், இஸ்திரி போட்ட சட்டை, பையில் வழக்கம்போலச் சீட்டுப் புத்தகம். வந்துவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. மலர்க் கட்டைச் சுமந்துகொண்டு மேடை ஏறி, முதல் பிரதியை முதலாளி கையில் கொடுத்து, மீதியைக் கூட்டத்துக்குள் அனுப்பிவிட்டு ஓரமாக நின்றேன்.

புலவர் சொல்லாராய்ச்சியை அரை மணி நேரம் பேசினார். கூட்டம் கொட்டாவி விட்டது. பிறகு மேனேஜர் எழுந்தார்.

"உலகத்துல எத்தனையோ கம்பெனி குடை செய்யும். ஒரு சொல்லையே செஞ்சு குடுத்தது நம்ம கம்பெனிதான்! அன்னைக்கு மட்டும் நம்ம ஸ்டோர்கீப்பர் சரியான பக்கம் அடிச்சிருந்தா, கோப்பை கெடைச்சிருக்கும், சொல் கெடைச்சிருக்காது!"

கூடம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அக்கா தலை குனிந்தாள். அத்தான் எழுந்து, அந்தப் பழைய கணுக்காலைக் கொஞ்சம் இழுத்தபடி, மேடை ஏறினார். மேனேஜர் தங்கப் பந்தை அவர் கையில் திணித்து, போட்டோக்காரர் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டினார். முதலாளி படிக்கவில்லை என்றால்? இன்றைக்கென்று பார்த்து அவரும் மருமகனைப் போல ஆகிவிட்டால்?

முதலாளி படித்துக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி ஒரே இடத்தில் நின்றது. மேலே போனது, கீழே வந்தது. காது மந்தமானவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. அதிலும் அவர் முன்னால் மைக் இருந்தது.

"மாப்ளே, இது உங்க கையெழுத்து மாதிரி இருக்கே?"

"எது மாமா?" மேனேஜர் போட்டோவுக்குச் சிரித்தபடியே கேட்டார்.

"இடைவேளைல நாலாம் நம்பர் ஜெர்சியை வாங்கியிருக்கீங்க. ஆட்டம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்திருக்கீங்க. நடுவுல அந்தச் சட்டைக்குள்ள யாரு இருந்தா?"

கூடம் அடங்கியது. மலர் வைத்திருந்தவர்கள் பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

"இதை... இதை யார் மலர்ல போடச் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்றேன், ஓரத்திலிருந்தே. "சீட்டு வேணும்னு இண்டென்ட்ல ஒரு கையெழுத்து. அச்சுக்கு அனுப்பலாம்னு இன்னொரு கையெழுத்து. ரெண்டும் ஃபைல்ல இருக்கு."

முதலாளி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "முப்பத்தொரு வருஷம்" என்றார் மைக்கில். "கோல் போட்டதுக்காக நான் பொண்ணு குடுக்காம இருந்திருப்பேனா மாப்ளே? இதுக்காகக் குடுத்திருக்க மாட்டேன்."

அப்போதுதான் பேக்கிங் பிரிவு பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது.

"போட்டாருய்யா சேம் சைடு கோல்!"

கூடம் வெடித்தது. தலைகள் திரும்பின. பழக்கதோஷத்தில் ஸ்டோர் பக்கம் ஒன்றிரண்டு போய்விட்டு, சட்டென்று மேடைக்கு வந்தன. அக்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மேடையிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பந்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், பெயிண்ட் எங்காவது உரிந்திருக்கிறதா என்று. பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"சார், இது எனக்கு வந்த பொருள் இல்ல. தப்பா வந்த பொருளை உரியவங்ககிட்ட சேக்கறது ஸ்டோர் வேலை. அஞ்சு மணி வரைக்கும் நான்தான் ஸ்டோர்கீப்பர்."

நிதானமாக எழுதினார். பந்து, ஒன்று. தங்கப் பெயிண்ட். நிலை: நன்று. கார்பன் தாளைச் சரியாக வைத்து, சீட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"வாங்கினவர்னு போட்டிருக்கற எடத்துல, சார்."

மேனேஜர் பேனாவை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நாலு வரிச் சீட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.